மூன்றாம் வாரத்துப் பாடம்

நுழைவுச் சீட்டையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தார் அறைக் கண்காணிப்பாளர்.
"அக்கா பின்னால வர்றாங்களா?"
நான்தான் சார், பூவிழி.
புதுச்சேரியில் ஒரு பொறியியல் கல்லூரி,
இரண்டாம் மாடி, முப்பத்தோராம் எண் நாற்காலி.
கால் தரையில் எட்டியது.
அதை மட்டும் அவர் சரிபார்க்கவில்லை.

பக்கத்தில் தாடி வைத்த அண்ணன் ஒருவர்,
மூன்றாவது தடவையாக எழுதுகிறாராம்,
ரப்பர் இருக்கா என்றார்.
பூனை முகம் போட்டது. கொடுத்தேன்.

பாடத்தில் சேர்ந்தது மழையால்.
கலெக்டர் ஒன்பது நாள் விடுமுறை விட்டார்.
குண்டு உப்பலவாடியில் ஒன்பது நாள் என்றால்
ஒரு போன், அதில் பாதி சார்ஜ்,
கட்டில்மேல் ஏறி உட்கார்ந்த வீடு.
கல்லூரி முதலாண்டு நுண்கணிதம்,
கட்டணம் இல்லை,
வயது கேட்கும் கட்டமும் இல்லை.

முதல் வாரம் சார்பு. இரண்டாம் வாரம் எல்லை.
மூன்றாம் வாரம் தொடர்ச்சி:
பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல்
வரைய முடிந்தால் போதும், இப்போதைக்கு,
என்றார் திரைக்குள்ளிருந்த பேராசிரியர்.
இவ்வளவுதானா என்று
நான்காம் வாரத்துக்குத் தாவினேன்.
வகைக்கெழு. மாறுவதன் வேகம்.

ஐந்தாம் நாள் பெண்ணை தெருவுக்குள் வந்தது.
வாசல் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன்,
அரை மணிக்கு ஒன்று.
நான்கு விரல். மூன்று விரல். இரண்டு. ஒன்றரை.
தண்ணீர் ஏறுகிறது, ஆனால்
ஏறும் வேகம் இறங்குகிறது.
இதைச் சொல்லும்போது
எனக்கு நாக்கு இனித்தது.
"அரிசி மூட்டையத் தூக்க வேணாம்ப்பா,
பத்து மணிக்கு நின்னுடும்."
மூட்டை ஐம்பது கிலோ. அப்பாவுக்கு இடுப்பு வலி.
நம்ப ஆசைப்பட்டார்கள்,
நம்பினார்கள்.

மாலையில் எங்கோ மேலே திறந்த மதகு
பதினொன்றரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது.
என் கோடுகள் ஐந்தும் ஒரே மடக்கில் போயின.
பேனாவை எடுத்து
வேறு இடத்தில் வைத்துவிட்டது ஆறு.

மூன்று நாளில் அரிசி நாறியது.
யாரும் திட்டவில்லை.
கொட்டப் போகும்போது அம்மா மட்டும்
"உன் போன் வாத்தியாருக்கு மாடி வீடா?" என்றாள்.
அன்று இரவு மூன்றாம் வாரத்தைத் திறந்தேன்.

தள்ளிப்போன அரையாண்டுத் தேர்வில் ஒரு கணக்கு:
நாற்பது மீட்டர் வேலிக்குள்
மிகப் பெரிய செவ்வகம் எது?
இரண்டே வரியில் முடித்தேன்.
சிவப்பு மையில் அற்புதமேரி டீச்சர்:
'படிகள் எங்கே? யார் சொன்னது?'
ஐந்துக்குப் பூஜ்யம்.

பெனாசிர் அட்டவணை போட்டிருந்தாள்.
ஒன்றுக்குப் பத்தொன்பது, இரண்டுக்குப் பதினெட்டு என்று
ஸ்கேல் வைத்து, பத்தொன்பது வரிசை.
பரப்பு ஏறி, பத்தில் நூறைத் தொட்டு,
வந்த வழியே இறங்கியது.
கண்ணால் பார்க்க முடிந்தது அவளுடையதில்.
என்னுடையதில் விடை மட்டும் இருந்தது.

இன்றைய தாளில் கடைசிக் கேள்வி:
இந்தச் சார்பு இரண்டில் தொடர்ச்சியானதா?
இல்லை.
காரணத்துக்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.
நிரப்பினேன்.
அரிசியைப் பற்றி எழுதவில்லை.

திரும்பும் பஸ்ஸை ஆல்பேட்டையில் நிறுத்தினார்கள்.
பாட்டில் தேடும் நேரம்.
பெண் போலீஸ் என் பையைத் தூக்கியதும்
அந்தக் கனத்துக்கு முகம் மாறினார்.
ஜிப்பைத் திறந்தால்
பழைய கடையில் வாங்கிய தடிப் புத்தகம்.
"யாருக்கு இது?"
எனக்கு.
"எத்தனாவது?"
ஒன்பதாவது.
புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து
ஒரு உதறு உதறினார்.
எதுவும் விழவில்லை.

இன்னும் நம்பிக்கை வராமல்
பென்சில் டப்பாவையும் திறந்தார்.
அவர் மூடிய பிறகும்
நான்தான் அதற்குள் தேடிக்கொண்டிருந்தேன்,
பூனை ரப்பரை.